நாலு மடிப்பு உறை

தென்காசியில் இப்போது நாறும்பூநாதன் மைக் செட்டைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆளில்லை. சத்தம் காதைக் கிழிக்கிறது என்கிறார்கள். வாழ்த்துச் சொல்ல வந்த பெரியவர் மைக்கில் வாயைத் திறந்ததும் தன் குரலைக் கேட்டுத் தானே பின்வாங்குகிறார். "மனுசனுக்குக் காது போயிட்டு, கூடவே கிறுக்கும் பிடிச்சிட்டு" என்று பேசிக்கொள்கிறார்கள். காது எங்கேயும் போகவில்லை. என் கடை வாசலில் நடந்து போகிறபோதே, "ரத்தினம், மிஷினுக்கு எண்ணெய் விடுலே" என்று சொல்லிவிட்டுப் போகிற காது அது. ஆம்ப்ளிபயரில் டோன் திருகாணியை இடது பக்கம் ஒரு நெல்லளவு திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தொடமாட்டார். ஏன் என்று தெரிந்தவர்கள் அவரைத் தவிர மூன்று பேர். ஒருத்தி செத்துப் போனாள். ஒருத்தர் வாயைத் திறப்பதில்லை. மிச்சம் இருப்பவன் நான்.

நான் தையற்காரன். கோயில்களில் கொடைத் திருவிழா நடக்கிற காலத்தில் சொக்கம்மாள் வில்லுப்பாட்டுக் குழுவில் ஜால்ரா போடுவேன். ஜால்ராக்காரனை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நோட்டீஸில்கூட 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் எங்களை அடைத்துவிடுவார்கள். ஆனால் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் எங்கள் காதில் விழும்.

நாறும்பூநாதனுக்கு ஊர் வாசுதேவநல்லூர். டூரிங் கொட்டகையில் படம் ஓட்டுகிறவருக்கு எடுபிடியாக இருந்து வயரும் வால்வும் பழகினார். ஐம்பத்து மூன்றில் தென்காசிக்கு வந்து சொந்தமாக மைக் செட் போட்டார். ஒரு ஆம்ப்ளிபயர், இரண்டு குழாய் ஒலிபெருக்கி, ஒரு மைக், ஒரு கார் பேட்டரி. மனைவி முதல் பிரசவத்திலேயே பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கட்டிக்கொள்ளவில்லை. வீட்டில் மைக்குக்குத்தான் ராஜமரியாதை. சாரல் காலத்தில் ஈரம் ஏறக்கூடாது என்று துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். மைக் உள்ளே இருக்கும்போது பானையைத் திறக்கக்கூடாது என்று இவர் ஓட்டலில் சாப்பிடுவார். கேட்டால், "அரிசி ஓட்டல்ல கிடைக்கும், மைக்கு கிடைக்குமா?" என்பார்.

மற்ற மைக் செட்காரர்கள் குழாயை மரத்தில் கட்டிவிட்டு, செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். இவர் கூட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். அங்கே குத்தவைத்துக் கேட்டுவிட்டு வந்து திருகாணியைத் தொடுவார். மறுபடியும் போவார். "முன்னால உக்காந்திருக்கவனுக்கு மைக்கு எதுக்கு? கடைசியில இருக்கவனுக்கு வார்த்தை புரியணும்லே" என்பார்.

ஐம்பத்தாறில் முதல் தடவை எங்கள் குழுவுக்கு மைக் போட வந்தார். வில்லுப்பாட்டுக்கு மைக் போடுவது தலைவலி பிடித்த வேலை. நடுவில் வில், அதில் வரிசையாக மணிகள். வீசுகோலால் நாணில் அடித்துக்கொண்டே சொக்கம்மாள் பாடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் பிச்சுமணிக்குக் குடம். பக்கத்தில் உடுக்கு, அப்புறம் நான். இத்தனையும் ஒரே மைக்கில் விழுந்தால், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரிதான் இருக்கும், பாட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நாறும்பூநாதன் வந்து நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு குடத்துக்கு அடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டார். உடுக்கை நாலு முழம் தள்ளி வைத்தார். என்னிடம் வந்தார்.

"ஏலே, உன் ஜால்ராவுக்கு மைக்கே வேண்டாம். அது தானாவே செங்கோட்டை வரைக்கும் போவும். அங்கன மூலையில, மைக்குக்கு முதுகைக் காட்டி உக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உட்கார்ந்தேன். எட்டு வருசம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அப்புறம் சொக்கம்மாளின் குரல். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். பட்டை தீட்டிய அரிவாள் மாதிரி குரல். நேரில் கேட்டால் உடம்பு நிமிரும்; குழாயில் கேட்டால் காது கூசும். நாறும்பூநாதன் மைக்கை ஒரு சாண் தள்ளி, மோவாய்க்குக் கீழே, கொஞ்சம் சாய்த்து வைத்தார். குரல் மைக்கின் தலைக்கு மேலே தாண்டிப் போக வேண்டும், உள்ளே குத்தக்கூடாது என்றார். டோனை இடது பக்கம் ஒரு பொட்டு திருப்பினார். பிறகு ஒரு பழைய மல் வேட்டியைக் கிழித்து என்னிடம் கொடுத்து, மைக்குக்குத் தொப்பி மாதிரி உறை தைக்கச் சொன்னார். ஒற்றை மடிப்பு. தைத்துக் கொடுத்தேன்.

காப்புப் பாட்டு முடிந்ததும் சொக்கம்மாள் கூட்டத்தைத் தாண்டி அவரைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துக் காதோரம் வைத்து, எப்படிக் கேக்கு என்று கேட்டாள். கடைசி வரிசையிலிருந்து அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். அன்றைக்கு வந்த வழக்கம் இது. அதற்குப் பிறகு துண்டைப் பார்க்காமல் அவள் கதையைத் தொடங்கியதில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் குடம், ஒரு பக்கம் உடுக்கு, முன்னால் மணி; அந்த இரைச்சலுக்குள் தன் குரல் என்ன செய்கிறது என்று பாடுகிறவளுக்குத் தெரியாது. குழாய் சொன்னால் உண்டு, அவர் துண்டு சொன்னால் உண்டு.

ஊர் வாய் அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து என்னவோ சொன்னது. அப்படி ஒன்றும் இல்லை. அந்தக் குரல் மேல் அவருக்கு ஒரு பிரியம். தன் செட்டு வழியாகத்தான் அது உலகத்துக்குப் போகிறது என்று ஒரு பெருமை. அவ்வளவுதான்.

அறுபத்தொன்று தை மாதம் அவர் காதில் ஏதோ இடறியது. குரல் மேலே ஏறித் திரும்புகிற இடத்தில் ஒரு கரகரப்பு. மைக்கைச் சந்தேகப்பட்டார். வயரை மாற்றினார், வால்வை மாற்றினார். செங்கோட்டையில் தெரிந்தவரிடம் வேறு மைக் வாங்கி வந்து போட்டுப் பார்த்தார். கரகரப்பு போகவில்லை. வேறு யாருக்கும் அது கேட்கவும் இல்லை.

ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் பகல் நிகழ்ச்சி. சீசனுக்கு வந்தவர்கள் ஏற்பாடு செய்தது. சாரல் நிற்கவே இல்லை. அருவி இரைச்சல் மண்டபத்துக்குள்ளேயே நின்றது. நாறும்பூநாதன் மைக்கைப் பையிலிருந்து எடுக்கவே மறுத்துவிட்டார். எல்லாரும் காத்திருந்தோம். யாரோ ஒருத்தியின் குழந்தை அழுதது. சொக்கம்மாள் அதை வாங்கி மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடினாள். மைக் இல்லை, குடம் இல்லை, நாலடி தூரத்தில் நாங்கள் இரண்டு பேர்.

"கேட்டியால?" என்றார் நாறும்பூநாதன்.

"என்னத்த?"

"அந்தக் கரகரப்பு. மைக்குல இல்ல ரத்தினம். தொண்டையில இருக்கு."

"சாரல்ல ஜலதோசம் பிடிச்சிருக்கும் அண்ணாச்சி."

"ஜலதோசம் நாலு நாள்ல போயிரும். இது தையிலேருந்து இருக்கு."

"அப்ப அவகிட்ட சொல்லிருங்க."

அவர் மைக் பையின் கயிற்றை முடிந்துகொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தார். "பாடுத பொம்பளகிட்ட உன் குரல்ல பழுது விழுந்துட்டுன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுத? ஆடி கழியட்டும். பக்குவமாச் சொல்லுதேன்."

ஆடி கழிந்தது. அவர் என் கடைக்கு வந்தார். உறையை இரட்டை மடிப்பாகத் தைத்துத் தரச் சொன்னார். கரகரப்பு குழாயில் கேட்காமல் இருக்கத்தான் என்று எனக்குத் தெரியும். தைத்துக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. ஒரு மனுசனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. சொன்னால் அவள் முகம் வாடும். அதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. கையில் வித்தை வேறு இருக்கிறது. வித்தை இல்லாதவனாக இருந்திருந்தால் அவள் குரலை ஊரே கேட்டிருக்கும், யாராவது ஒரு போக்கிரி வாய் சொல்லியிருக்கும். இவருக்குக் கெட்டிக்காரத்தனம் இருந்தது, அதுதான் கேடு.

அறுபத்திரண்டில் குடத்துக்கும் உடுக்குக்கும் சேர்த்து இன்னொரு மைக் வாங்கினார். இரண்டு மைக்குக்கும் தனித்தனித் திருகாணி. எந்தக் கதையில் எந்த அடியில் அவள் குரல் பிசிறும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது உடுக்கை ஒரு மயிரிழை ஏற்றுவார். பிசிறு உடுக்குச் சத்தத்துக்குள் போய்விடும். அடி முடிந்ததும் இறக்குவார். டோனை இன்னும் இடது பக்கம். உறை மூன்று மடிப்பு ஆனது, மறுவருசம் நாலு. கடைசி வரிசைக்குப் போவதை அவர் விட்டுவிட்டார், செட்டை விட்டு நகர முடியவில்லை. அவள் காதோரம் கையை வைத்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டை உயர்த்துவார்.

வயசாக ஆகச் சொக்கம்மாள் குரல் இனிக்கிறது என்று ஊரில் பேசினார்கள். புளியங்குடி, சங்கரன்கோவில் வரைக்கும் கூப்பிட்டார்கள். கொடைக் காலத்தில் வில்லுக்காரர்களுக்குப் பேச்சுக்குரல் கம்மித்தான் கிடக்கும், புகையிலை போடுகிறவளுக்குக் கேட்கவே வேண்டாம். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்களுக்குப் பாட்டுக்குரல்தான் குரல்.

அறுபத்து மூன்று கடைசியில் அவளுக்குச் சோறு இறங்குகிறபோது வலித்தது. காதும் குத்தியது. ஒரு நிகழ்ச்சி முடிந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"ஆசுபத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வருவமாட்டி?" என்றார் பிச்சுமணி.

"எதுக்கு? தொண்டை கொஞ்சம் நோவுது, அவ்வளவுதான. அதிமதுரம் போட்டா சரியாயிரும். குரல் கெட்டாத்தான வியாதி. குழாய்ல கேட்டியள்லா, முன்னவிட நல்லால்லா இருக்கு. குழாய் பொய்யா சொல்லும்?"

நாறும்பூநாதன் அங்கேதான் முழங்கையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. வயரை மட்டும் வேகமாகச் சுற்றினார். ஒரு வார்த்தை போதும், அதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. நான் அவரைப் பார்த்தேன். பிறகு நானும் ஜால்ராவைப் பைக்குள் போட்டு முடிந்தேன்.

அறுபத்து நாலு வைகாசி. சுந்தரபாண்டியபுரத்தில் வயலோரம் ஒரு சின்ன மாடன் கோயில், மதியக்கொடை. மாடன் கதையில் ஓர் இடம் வரும்போது சாமியாடி மேல் சாமி இறங்க வேண்டும். இறங்கினால், சாமி மலையேறுகிற வரைக்கும் பாட்டு நிற்கக்கூடாது. நின்றால் ஊருக்கு ஆகாது. இதற்காகத்தான் வில்லுக்காரர்களைக் கூப்பிடுவதே. அங்கே சாமியாடி அய்யாக்குட்டி, அறுபது தாண்டியவர். எட்டு நாள் விரதம். காலில் சலங்கை, கையில் சாமியின் வல்லய ஈட்டி, வெயிலில் கண்ணை மூடி நிற்கிறார்.

சொக்கம்மாள் அந்த இடத்தைப் பாடினாள். சாமி வரவில்லை. மறுபடி பாடினாள், வரவில்லை. மூன்றாவது தடவையும் அவர் காலில் சலங்கை அசையவில்லை. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அய்யாக்குட்டி கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"பாட்டு என்னைத் தொடமாட்டக்கு" என்றார். "மெத்தையில படுத்துக் கேக்க மாதிரி இருக்கு. முன்னெல்லாம் இவ பாடினா முதுகெலும்பு விறைக்கும். இப்ப என்னமோ மூடிக் கிடக்கு."

மூன்று வருசமாக யார் காதுக்கும் எட்டாதது அந்த மனுசனின் முதுகெலும்புக்கு எட்டியிருக்கிறது. கோயில் தலைவர் தாணுமாலயன் நேரே மைக்குக்கு வந்தார்.

"என்னவே போட்டு மூடி வச்சிருக்கீரு? எடுத்துப் போடும் அத."

"துணி இல்லன்னா குழாய் கத்தும் அண்ணாச்சி. காது கொடுத்துக் கேக்க முடியாது."

"கத்தட்டும்வே. சாமிக்குக் கேட்டாப் போதும்."

நாறும்பூநாதன் மைக்கை நோக்கி வந்தார். உறையைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து அவளிடம் பேசினார். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. "தங்கச்சி, இன்னைக்கு வேண்டாம். தொண்டை கட்டிட்டுன்னு சொல்லி எந்திரிச்சிரு."

அவள் சிரித்தாள். "நீங்க எடுங்க அண்ணாச்சி. என் குரல்தான. எனக்கென்ன பயம்?"

அவர் உறையைக் கழற்றி அவள் மடிப் பக்கம் வைத்தார். போய் உட்கார்ந்து டோனை நேராக நிமிர்த்தினார். உடுக்கு மைக்கை இறக்கினார். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்த அடியை எடுத்தாள். நான் தையற்காரன், எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும். பழைய துணியை நூலுக்குக் குறுக்கே கிழித்தால் ஒரு சத்தம் வரும். இரண்டு குழாயிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது. அய்யாக்குட்டி உடம்பு தூக்கிப் போட்டது. வல்லயத்தோடு துள்ளினார். குலவைச் சத்தம் எழுந்தது.

சொக்கம்மாளின் வீசுகோல் ஒரு கணம் மேலேயே நின்றது. அவள் பூவரச மரத்தில் கட்டியிருந்த குழாயை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நாறும்பூநாதனைப் பார்த்தாள். காதோரம் கையை வைத்துக் கேட்கவில்லை, கேட்கத் தேவை இல்லை. வீசுகோல் நாணில் விழுந்தது, அவள் தொடர்ந்து பாடினாள். சாமி ஆடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது.

முக்கால் மணி நேரம் ஆடினார் அய்யாக்குட்டி. ஒவ்வோர் அடிக்கும் குரல் இன்னும் கொஞ்சம் கிழிந்தது. எட்டு வருசத்தில் முதல் தடவையாக நான் மைக்கைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஜால்ராவை ஓங்கி ஓங்கி அடித்தேன். அவள் குரலை அதற்குள் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. மறையவில்லை. சாமி மலையேறியதும் அவள் மடியில் கிடந்த உறையை எடுத்து வாயைத் துடைத்தாள். துணி சிவந்தது.

தெற்கே ஒரு ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள். எத்தனை நாளாகக் குரலில் கரகரப்பு என்று டாக்டர் கேட்டிருக்கிறார். போன வாரம் கொடையிலிருந்து என்று சொல்லியிருக்கிறார் பிச்சுமணி. டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது புற்று, இரண்டு மூன்று வருசமாக வளர்ந்தது, கரகரப்பு வந்த புதிதில் கூட்டி வந்திருந்தால் குரலையே காப்பாற்றியிருக்கலாம் என்றாராம். கழுத்தில் துளை போட்டுக் குழல் வைத்தார்கள். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கரகரப்பே இல்லியே ரத்தினம்" என்று பிச்சுமணி என் கடையில் உட்கார்ந்து அழுதார். "நீயும்தான கேட்ட குழாய்ல. இருந்திருந்தா எனக்குத் தெரியாமலா போவும்?"

நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, பார்க்க வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நாறும்பூநாதனும் நானும் போனோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகிவிட்டாள். கழுத்துத் துளையில் மூச்சு சீறிக்கொண்டிருந்தது. பிச்சுமணி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அவள் தலையணைக்கு அடியிலிருந்து அந்த உறையை எடுத்தாள். துவைத்திருந்தாள், கறை போகவில்லை. தாலிக் கயிற்றில் தொங்கிய ஊக்கை எடுத்துத் தையலைப் பிரித்தாள். ஒரு மடிப்பை எடுத்து மடியில் போட்டாள். அடுத்ததை அதன் மேல் போட்டாள். பிறகு மூன்றாவது. பிறகு நாலாவது. தையல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அவள் ரவிக்கைகளையும் நான்தான் தைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நாறும்பூநாதன் காதைச் சுட்டிக் காட்டினாள். பிறகு தன் தொண்டையைத் தொட்டாள். ஒரு விரலை நீட்டினாள், அப்புறம் இரண்டு. எத்தனை வருசம் என்று கேட்கிறாள்.

அவர் கையை உயர்த்தினார். மூன்று விரலைக் காட்டினார்.

பிச்சுமணி செம்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அந்த மூன்று விரலை அவரும் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். அன்றோடு சரி, எங்கள் இரண்டு பேரிடமும் அவர் பேசுவதில்லை.

சொக்கம்மாள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். காப்புப் பாட்டின் முதல் அடி. உதட்டசைவிலேயே எனக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்து காற்று மட்டும் கரகரவென்று வந்தது. அடி முடிந்ததும் உள்ளங்கையை விரித்துக் காதோரம் வைத்து அவரைப் பார்த்தாள்.

அவர் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போயிற்று. தொட்டுவிட்டு நின்றது.

"கரகரன்னு இருக்கு தங்கச்சி" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நாலு துணியையும் ஒன்றாகச் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். மூன்று வருசமாகச் சொல்லாத அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மூச்சுகூட ஆகவில்லை.